அடுத்த படிக்கு விடும் முன்: பல படிப் படிவங்களுக்கு நான்கு சரிபார்ப்பு வழிகள்

நீளமான படிவத்தை நாலைந்து படிகளாகப் பிரிப்பது பெரிய வேலை இல்லை. ‘அடுத்து’ பட்டனை அழுத்தியதும் என்ன நடக்க வேண்டும் என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் படியில் எழுதியதைப் பிரவுசரிலேயே பார்த்து முடிப்பதா, சர்வருக்கு அனுப்பிக் கேட்பதா, இப்போதைக்கு விட்டுவிட்டுக் கடைசியில் மொத்தமாகப் பார்ப்பதா? வலைத்தளம் கட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். ‘எல்லா இடத்திலும் சரிபார்த்துவிடு’ என்பது சரியான பதில்தான். ஆனால் எதை எங்கே பார்ப்பது என்று அது சொல்வதில்லை.

பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். கல்லூரி மாணவர்களுக்கான உதவித்தொகை விண்ணப்பம், நான்கு படிகள். முதல் படியில் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண். இரண்டாவதில் படிப்பும் மதிப்பெண்ணும். மூன்றாவதில் குடும்ப வருமானமும் வங்கிக் கணக்கும். நான்காவதில் சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டும். நிரப்புகிறவர்களில் ஒரு பகுதி சொந்த போனிலும், இன்னொரு பகுதி பிரவுசிங் சென்டரிலும் உட்கார்ந்திருப்பார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் படிவத்துக்கு ஒவ்வொரு படியையும் சர்வரில் சரிபார்த்து, அங்கேயே சேமிப்பதுதான் நல்லது. பிரவுசர் சரிபார்ப்பு நிரப்புகிறவருக்குச் செய்யும் உதவி. அதை ஒருபோதும் காவலாக நம்பக் கூடாது. ஆனால் எல்லாப் படிவமும் உதவித்தொகை விண்ணப்பம் இல்லை. அதனால்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, விதியைச் சொல்ல யாரிடம் தகவல் இருக்கிறது என்பது. ஐஎஃப்எஸ்சி எண் 11 எழுத்து, முதல் நான்கும் ஆங்கில எழுத்து, ஐந்தாவது பூஜ்யம். இதைப் பிரவுசரே பார்த்துவிடலாம். ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் வெர்ஹாஃப் முறைப்படி வரும் சரிபார்ப்பு இலக்கம், எனவே ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தாலோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி அடித்தாலோ சர்வரைக் கேட்காமலே தெரிந்துவிடும். ஆனால் அந்த வங்கிக் கிளை உண்மையிலேயே இருக்கிறதா, இதே கைபேசி எண்ணில் ஏற்கெனவே யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்பதெல்லாம் சர்வருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, பாதியில் அறுந்தால் என்ன ஆகும்? இணையம் போகலாம், மின்சாரம் போகலாம். ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால், நினைவகம் குறைந்த போனில் பிரவுசர் அந்தப் பக்கத்தை இறக்கிவிட்டு முதலிலிருந்து ஏற்றும். நான்காவது படியில் சான்றிதழைப் படமெடுக்க கேமராவைத் திறக்கும்போதும் இதே கதைதான்.

மூன்றாவது, பின்னால் போய் மாற்றினால்? மூன்றாவது படியில் இருப்பவர் முதல் படிக்குத் திரும்பிப் பிறந்த தேதியைத் திருத்துகிறார். அதன் பிறகு இரண்டாவது படியில் தேர்ந்தெடுத்த படிப்புக்கு அவர் தகுதியுள்ளவர்தானா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

நான்காவது, பிழையைச் சொல்லும் விதம். நிரப்புகிறவருக்குப் புரியும் மொழியில் வருகிறதா, திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர் காதில் விழுகிறதா?

ஐந்தாவது, பராமரிப்பு. ஒரே விதியை இரண்டு இடத்தில் எழுதினால், ஆறு மாதம் கழித்து ஒரு இடத்தில் மட்டும்தான் திருத்துவார்கள்.

## வழி 1: பிரவுசரின் சொந்தச் சரிபார்ப்பு

ஹெச்டிஎம்எல்லிலேயே ‘ரெக்வயர்ட்’, ‘பேட்டர்ன்’, ‘மின்’, ‘மேக்ஸ்’ போன்ற பண்புகள் இருக்கின்றன. எல்லாப் படிகளையும் ஒரே பக்கத்தில் வைத்து, ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மறைத்து, ‘அடுத்து’ அழுத்தும்போது அந்தப் படியின் கட்டங்களில் பிழையைக் கண்டு காட்டும் ‘ரிப்போர்ட்வேலிடிட்டி’யை அழைத்தால் வேலை முடிந்தது போலத் தோன்றும். நூலகம் எதுவும் வேண்டாம், பக்கமும் லேசாக இருக்கும்.

இதன் செலவுகள் கொஞ்சம் கழித்துத்தான் தெரியும்.

மறைத்து வைத்த கட்டங்களையும் பிரவுசர் சரிபார்க்கும். முதல் படியில் ஒருவர் என்டர் தட்டிவிட்டால் முழுப் படிவமும் சமர்ப்பிக்கப் பார்க்கும். மூன்றாவது படியில் காலியாக உள்ள கட்டாயக் கட்டத்தைக் கண்டதும் குரோம் நின்றுவிடும். அந்தக் கட்டம் மறைந்திருப்பதால் பிழைக் குமிழியைக் காட்ட இடமில்லை. திரையில் எதுவும் நடக்காது, டெவலப்பர் பார்க்கும் கன்சோலில் மட்டும் ஒரு வரி வரும். பட்டன் வேலை செய்யவில்லை என்று நினைத்து நிரப்புகிறவர் அழுத்திக்கொண்டே இருப்பார்.

படி ஒவ்வொன்றையும், கட்டங்களைத் தொகுக்கும் ‘ஃபீல்ட்செட்’டுக்குள் வைத்து, இன்னும் வராத படிகளை ‘டிசேபிள்ட்’ ஆக்கி முடக்கினால் இது தீரும். டிசேபிள் ஆன ஃபீல்ட்செட்டுக்குள் இருப்பது சரிபார்ப்புக்கு வராது. ஆனால் அது சர்வருக்கும் போகாது. கடைசியில் அனுப்பும் முன் எல்லாவற்றையும் திறந்துவிட மறக்கக் கூடாது.

இங்கே இன்னொரு பொறி. ஃபீல்ட்செட்டிடமே ‘செக்வேலிடிட்டி’ கேட்டால், உள்ளே எத்தனை பிழை இருந்தாலும் ‘சரி’ என்றுதான் எப்போதும் பதில் வரும். ஃபீல்ட்செட் சரிபார்ப்புக்கு உட்பட்டதே இல்லை என்பது விதி. ஆனால் சிஎஸ்எஸ்ஸின் ‘இன்வேலிட்’ தேர்வி மட்டும், உள்ளே பிழையான கட்டம் இருந்தால் அந்த ஃபீல்ட்செட்டுக்கும் பொருந்தும். ஆகவே ஃபீல்ட்செட்டைக் கேட்காமல், அதற்குள் ‘இன்வேலிட்’ ஆன முதல் கட்டத்தைத் தேடி எடுப்பதே பாதுகாப்பான வழி.

பாதி நிரப்பிய படிவத்தை வரைவாகச் சேமித்து வைத்து, அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் கட்டங்களை நிரப்பினால் ‘மின்லென்த்’ வேலை செய்யாது. பயனர் கையால் திருத்திய மதிப்புக்கு மட்டுமே அந்த நீளச் சோதனை நடக்கும். மின்னஞ்சல் கட்டமும் தாராளமானது. புள்ளியே இல்லாத டொமைன் பெயரைக்கூட ஏற்றுக்கொள்ளும்.

தமிழில் படிவம் கட்டுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள். பிழைக் குமிழி பக்கத்தின் மொழியில் வராது, பிரவுசரின் மொழியில்தான் வரும். படிவம் முழுக்கத் தமிழில் இருக்க, பிழை மட்டும் ஆங்கிலத்தில் எட்டிப் பார்க்கும். ‘செட்கஸ்டம்வேலிடிட்டி’ மூலம் தமிழ்ச் செய்தி கொடுக்கலாம். ஆனால் கட்டம் திருத்தப்பட்டதும் வெற்றுச் சரம் கொடுத்து அதை அழிக்காவிட்டால், சரியாக எழுதிய பிறகும் அந்தக் கட்டம் பிழையாகவே நிற்கும்.

அடுத்தது பெயர்க் கட்டம். ‘எழுத்துகள் மட்டும்’ என்று யூனிகோட் வகையை வைத்து பேட்டர்ன் எழுதுவோம். க, ம, ண எல்லாம் அந்த வகையில் வரும். கால், கொம்பு, புள்ளி போன்றவை வேறு வகை, யூனிகோட் அவற்றைக் குறிகள் என்று தனியாக வைத்திருக்கிறது. எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால் ‘கமல’ உள்ளே போவார், ‘கமலா’ வெளியே நிற்பார். நீளத்திலும் இதே சங்கதிதான். ‘கிருஷ்ணமூர்த்தி’ என்பதை நாம் எட்டு எழுத்தாகப் படிக்கிறோம், பிரவுசர் 15 என்று எண்ணும். ஆங்கிலப் பெயரை நினைத்து வைத்த ‘மேக்ஸ்லென்த்’ தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டும். கடைசிப் பெயருக்குக் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்ற விதியோ இனிஷியல் மட்டுமே உள்ளவரை நுழைய விடாது. இது சின்ன விஷயம் இல்லை. தன் பெயர் தவறு என்று ஒரு படிவம் சொல்வதை யாரும் ஏற்க வேண்டியதில்லை.

எப்போது நல்லது: இரண்டு மூன்று படிகள், எளிய கட்டங்கள், பாதியில் போனாலும் இரண்டு நிமிடத்தில் மறுபடி நிரப்பிவிடலாம் என்ற அளவு. தொடர்புப் படிவம், நிகழ்ச்சிப் பதிவு மாதிரி.

## வழி 2: ஜாவாஸ்கிரிப்ட் நூலகமும் ஸ்கீமாவும்

ஸோட், யப் போன்ற சரிபார்ப்பு நூலகங்களில் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்கீமா, அதாவது விதித் தொகுப்பு எழுதி, ரியாக்டுக்கான படிவ நூலகங்களான ரியாக்ட் ஹுக் ஃபார்ம் அல்லது ஃபார்மிக் கொண்டு ஓட்டுவது. ரியாக்டில் இருக்கும் குழுக்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். பிழைச் செய்தி முழுக்க நம் கையில், தமிழிலேயே கொடுக்கலாம். ‘மாணவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் எண் கட்டாயம்’ போன்ற கட்டம் தாண்டும் விதிகளை எழுத இதுதான் வசதி. சர்வரும் ஜாவாஸ்கிரிப்டிலேயே ஓடும் நோட் என்றால் அதே ஸ்கீமாவை இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளலாம். ஐந்தாவது அளவுகோலுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. சர்வர் பிஎச்பியிலோ பைத்தானிலோ இருந்தால் அந்தச் சலுகை கிடையாது, விதிகளை மறுபடி எழுதத்தான் வேண்டும்.

ரியாக்ட் ஹுக் ஃபார்மில் ‘ட்ரிகர்’ என்ற ஃபங்ஷனுக்கு அந்தப் படியின் கட்டப் பெயர்களைக் கொடுத்தால், அவற்றை மட்டும் சரிபார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். அந்தப் பதில் ஒரு ப்ராமிஸாக, அதாவது பிறகு கிடைக்கப்போகும் பதிலாக வருகிறது. காத்திருக்கச் சொல்லும் ‘அவெயிட்’ போடாமல் அதை நேரே ‘இஃப்’ நிபந்தனையில் வைத்தால், ப்ராமிஸ் எப்போதும் உண்மையாகவே கணக்காகும். பிழை சிவப்பில் தெரியும், ஆனால் படி மாறிவிடும். சோதனையின்போது எல்லாவற்றையும் சரியாக நிரப்பிப் பார்ப்பவர் கண்ணில் இது படாது. காலியாக வைத்து ‘அடுத்து’ அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்கீமாவைப் பெரிதாக ஒன்று எழுதிவிட்டு, அதிலிருந்து படிகளைப் பிய்த்தெடுக்க நினைக்காதீர்கள். ஸோட் மூன்றாம் பதிப்பில் பல கட்டங்கள் கொண்ட ஒரு ஸ்கீமாவோடு கூடுதல் விதியாக ‘ரிஃபைன்’ சேர்த்துவிட்டால், அதன் பிறகு ‘பிக்’ செய்து பகுதி எடுக்க முடியாது. படிக்கு ஒன்றாகச் சிறிய ஸ்கீமாக்கள் எழுதி, கடைசியில் இணைத்து, படிகளைத் தாண்டும் விதிகளை அந்த இணைப்பின் மேல் வைப்பது நல்லது.

மறைமுகச் செலவில் பெரியது, தகவல் பக்கத்தின் நினைவில் மட்டுமே இருப்பது. ரிஃப்ரெஷ் செய்தால் போச்சு. அதற்குத்தான் பிரவுசரின் சொந்தச் சேமிப்பிடமான லோக்கல்ஸ்டோரேஜ் இருக்கிறதே என்பார்கள். சொந்த போனில் சரி. பிரவுசிங் சென்டரில் ஒரு மாணவரின் பிறந்த தேதி, வருமானம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அந்தக் கணினியில் தங்கிவிடும். அடுத்து வருகிறவர் அதே பக்கத்தைத் திறந்தால் முன்னவரின் விவரம் நிரம்பி நிற்கும். வரைவை இப்படிச் சேமிக்கும் எண்ணம் இருந்தால், இந்த ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எப்போது நல்லது: உள்நுழைந்து பயன்படுத்தும் செயலிகள், ஒரே ஆள் தன் கருவியில் அடிக்கடி நிரப்பும் படிவங்கள், ஒரு கட்டத்தின் பதில் மற்றக் கட்டங்களை உடனே மாற்றும் சிக்கலான திரைகள்.

## வழி 3: ஒவ்வொரு படியும் சர்வருக்கு

‘அடுத்து’ அழுத்தினால் அந்தப் படி சர்வருக்குப் போகும். பிழை இருந்தால் அதே பக்கம் பிழைகளோடு திரும்பும். சரி என்றால் சேமித்துவிட்டு அடுத்த படிக்குத் திருப்பிவிடும். பழைய முறைதான், இன்றும் உறுதியாக நிற்கிறது. பைத்தானின் ஜாங்கோவில் ஃபார்ம்டூல்ஸ் தொகுப்பின் ‘ஃபார்ம் விஸார்ட்’ இதைச் செய்கிறது. கடைசிப் படியில் முந்தைய படிகளை எல்லாம் மறுபடி ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் அது முடிக்கும். பிஎச்பியின் லாரவெல்லில் ‘ப்ரீகாக்னிஷன்’ என்று ஒன்று உண்டு. சர்வரில் எழுதிய விதிகளையே முன்பக்கத்திலிருந்து, குறிப்பிட்ட கட்டங்களுக்கு மட்டும் கேட்டுக்கொள்ளலாம். விதி ஓரிடத்தில், பதில் உடனே.

பிரிட்டன் அரசின் கவ்.யூகே வடிவமைப்பு முறையும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பக்கத்துக்கு ஒரு விஷயம் என்று தொடங்கு, பிரவுசரின் சொந்தச் சரிபார்ப்பை ‘நோவேலிடேட்’ போட்டு அணைத்துவிடு, பிழைகளைப் பக்கத்தின் மேலே தொகுத்துக் கொடு, அனுப்பும் முன் ‘உங்கள் பதில்களைச் சரிபாருங்கள்’ பக்கத்தைக் காட்டு என்பது அவர்களின் வழிகாட்டல். எந்தக் கருவியிலும், யார் கையிலும் வேலை செய்ய வேண்டிய படிவத்துக்கு நான் பார்த்த ஒழுங்கான முன்மாதிரி இது.

ஆனால் இலவசமாக வருவதில்லை.

ஒவ்வொரு பிரவுசருக்கும் சர்வர் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் செஷனில் சேமித்தால், அந்தச் செஷன் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று பாருங்கள். பிஎச்பியின் இயல்பு அமைப்பு 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். வருமானச் சான்றிதழைத் தேடி எடுத்து வர அந்த நேரம் போதாது.

அதைவிடக் கனமானது, செஷன் பிரவுசருக்கு ஒன்றுதான் என்பது. பிரவுசிங் சென்டரில் ஒருவர் இரண்டு மாணவர்களின் விண்ணப்பத்தை இரண்டு டேபில் திறந்து வைத்து மாறி மாறி நிரப்பினால், இரண்டும் ஒரே செஷனில் எழுதும். ஒருவரின் பெயரும் இன்னொருவரின் கணக்கு எண்ணும் சேர்ந்து ஒரு விண்ணப்பமாகிவிடும். பணம் தவறான கணக்குக்குப் போகும் அளவுக்கு இது மோசம். செஷனை நம்பாமல், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனி வரைவு எண் கொடுத்து, அதைப் பக்கத்தின் இணைய முகவரியிலேயே வைத்து, டேட்டாபேஸில் சேமியுங்கள். அந்த எண் ஊகிக்க முடியாததாகவும், விண்ணப்பதாரரின் கைபேசி எண்ணுக்குக் கட்டுப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

கோப்பு இன்னொரு தலைவலி. பிழையோடு பக்கம் திரும்பும்போது மற்றக் கட்டங்களை நிரப்பிக் கொடுக்கலாம். கோப்புக் கட்டத்தை நிரப்பிக் கொடுக்க முடியாது, பிரவுசர் பாதுகாப்புக்காக அதைத் தடுக்கிறது. பதிவேற்றியதும் உடனே சர்வரில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது கோப்பின் பெயரைக் காட்ட வேண்டும்.

‘இந்த எண்ணில் ஏற்கெனவே விண்ணப்பம் உள்ளது’ என்ற செய்திக்கும் ஒரு விலை உண்டு. யார் எண்ணை வேண்டுமானாலும் போட்டு, அவர் விண்ணப்பித்திருக்கிறாரா என்று பார்த்துவிடலாம். ஓடிபி முடிந்த பிறகு மட்டும் அதைச் சொல்லுங்கள். சர்வரை அடைய முடியாதபோது ‘தவறான எண்’ என்று காட்டவும் கூடாது. ‘இப்போது சரிபார்க்க முடியவில்லை, மறுபடி முயலவும்’ என்பது வேறு செய்தி.

எப்போது நல்லது: பணம், தகுதி, சட்டம் சம்பந்தப்பட்டவை. நிரப்பப் பல நாள் ஆகும் படிவங்கள். பொதுக் கணினியில் நிரப்பப்படுபவை. நம் உதவித்தொகை விண்ணப்பம் இந்த மூன்றிலும் வருகிறது.

## வழி 4: மறிக்காமல் விட்டுக் கடைசியில் பார்ப்பது

யாரும் அதிகம் யோசிக்காத வழி. எந்தப் படிக்கும் போகலாம், முடியாத படியில் ஒரு குறி இருக்கும், சமர்ப்பிக்கும்போது மட்டும் எல்லாம் முழுமையாக இருக்க வேண்டும். வங்கிப் புத்தகம் கையில் இல்லாத மாணவர் மூன்றாவது படியைத் தாண்டி நான்காவதில் சான்றிதழ்களைப் போட்டுவிடலாம். நீளமான படிவத்தில் இது பெரிய நிம்மதி.

கடைசியில் பிழைகள் குவிந்து நிற்கும் என்பதே செலவு. ஒவ்வொரு பிழையும் அதன் கட்டத்துக்கே கூட்டிப்போகும் இணைப்பாக இருக்க வேண்டும், திருத்தியதும் நேரே தொகுப்புப் பக்கத்துக்கே திரும்ப வேண்டும். கடைசித் தேதி உள்ள விண்ணப்பம் என்றால், ‘சேமித்தாகிவிட்டது’ என்பதை ‘சமர்ப்பித்தாகிவிட்டது’ என்று நம்பி இருந்துவிடுவார்கள். அதைத் திரையில் உரக்கச் சொல்ல வேண்டும்.

தகுதிக் கேள்விகளை மட்டும் இந்த வழியில் விடவே கூடாது. வருமான வரம்பைத் தாண்டியவரை நாலு படியும் நிரப்ப விட்டுவிட்டுக் கடைசியில் ‘தகுதி இல்லை’ என்பது அவர் நேரத்தைப் பறிப்பது. நம் உதாரணத்தில் மூன்றாவது படியில் இருக்கும் அந்தக் கேள்வியை முதல் படியிலேயே கேட்டு அங்கேயே நிறுத்துங்கள்.

## உதாரணப் படிவத்தில் எது எங்கே

| கட்டம் | பிரவுசரில் உடனே | ‘அடுத்து’ அழுத்தியதும் சர்வரில் | சமர்ப்பிக்கும்போது |
|---|---|---|---|
| பெயர் | காலியா என்று மட்டும் | காலியா என்று மட்டும் | எதுவும் வேண்டாம் |
| கைபேசி எண் | 10 இலக்கம், 6 முதல் 9-க்குள் தொடக்கம் | ஓடிபி. அதன் பிறகே ஏற்கெனவே உள்ளதா என்று | அதே எண்தானா |
| பிறந்த தேதி | எதிர்காலத் தேதி இல்லையே | வயது வரம்பு | தேர்ந்தெடுத்த படிப்போடு பொருத்தம் |
| ஐஎஃப்எஸ்சி | 11 எழுத்து, வடிவம் | கிளை இருக்கிறதா | எதுவும் வேண்டாம் |
| குடும்ப வருமானம் | எண்ணா | வரம்புக்குள்ளா | சான்றிதழ் இணைந்ததா |
| சான்றிதழ் | அளவு, கோப்பு வகை | கோப்பின் உண்மையான வகை | எல்லாம் வந்ததா |

கடைசி நெடுவரிசையை எந்த வழியிலும் விட முடியாது. டெவலப்பர் டூல்ஸ் திறக்கத் தெரிந்த எவரும் ‘பிரவுசரில் உடனே’ நெடுவரிசையைத் தாண்டிவிடுவார். முகவரியை மாற்றி நேராக நான்காவது படிக்குப் போகவும் முடியும், ஆகவே முந்தைய படிகள் முடிந்தனவா என்று ஒவ்வொரு படியிலும் சர்வர் பார்க்க வேண்டும்.

## எந்த வழியானாலும்

‘பின்செல்’ பட்டனும் ‘சேமி’ பட்டனும் சரிபார்ப்பைத் தூண்டக் கூடாது. ‘ஃபார்ம்நோவேலிடேட்’ அதற்குத்தான் இருக்கிறது. இந்தப் பட்டன்களை ஹெச்டிஎம்எல் வரிசையில் ‘அடுத்து’க்கு முன்னால் வைக்காதீர்கள். என்டர் தட்டினால் படிவத்தின் முதல் சமர்ப்பிக்கும் பட்டன்தான் இயங்கும். வகை குறிப்பிடாத பட்டனும் சமர்ப்பிக்கும் பட்டனே. பின்செல் முதலில் இருந்தால், என்டர் தட்டியவர் முந்தைய படிக்குப் போய் நிற்பார். இடது பக்கம் தெரிய வேண்டுமானால் சிஎஸ்எஸ்ஸில் நகர்த்துங்கள், ஆனால் அப்போது டேப் விசையின் வரிசை கண்ணுக்குத் தெரியும் வரிசையோடு ஒத்துப் போகிறதா என்றும் பாருங்கள்.

படி மாறியதும் கீபோர்டு ஃபோகஸைப் புதிய படியின் தலைப்புக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் பார்வையற்ற ஒருவருக்குப் படி மாறியதே தெரியாது. பிழை வந்தால் கட்டத்தில், திரைவாசிப்பானுக்குத் தெரிவிக்கும் ‘ஏரியா இன்வேலிட்’ பண்பைப் போட்டு, செய்தியை ‘ஏரியா டிஸ்க்ரைப்ட்பை’யால் இணையுங்கள். வலைப்பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வைப்பதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, 2023-இல் வந்த 2.2 பதிப்பில், ஒருமுறை கொடுத்த தகவலை அதே நடைமுறையில் மறுபடி எழுதச் சொல்லாதே என்ற விதியையும் சேர்த்திருக்கிறது. படிகளாகப் பிரித்த படிவங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் விதி இது.

பின்னால் போய்ப் பதிலை மாற்றும் சங்கதிக்கு வருவோம். முதலில் ‘விடுதியில் தங்குகிறேன்’ என்று சொல்லி விடுதிக் கட்டணத்தையும் எழுதியவர், திரும்பிப் போய் ‘இல்லை’ என்று மாற்றுகிறார். கட்டணக் கட்டம் திரையிலிருந்து மறைந்துவிடும், ஆனால் தொகை வரைவில் அப்படியே இருக்கும். சமர்ப்பிக்கும்போது சர்வர் செய்ய வேண்டியது, கடைசியாகச் சொன்ன பதில்களை வைத்து எந்தக் கட்டங்கள் பொருந்துகின்றன என்று முதலிலிருந்து கணக்கிட்டு, பொருந்தாதவற்றை இறுதி விண்ணப்பத்தில் சேர்க்காமல் விடுவது. வரைவிலிருந்து உடனே அழிக்க வேண்டாம். கைதவறி மாற்றியவர் மறுபடி ‘ஆம்’ என்றால், எழுதிய தொகை அங்கேயே இருக்கட்டும்.